நேற்றுப்போலவே

‘நோயாளியின் தரவே நோயாளியின் உடல், அதைத் தொடுபவர் கருவறைக்குள் நுழைபவரைப் போலத் தூயவராக இருக்கக் கடவர்.’ தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையின் வரவேற்பறையில் பொன்னெழுத்தில் மின்னிய இந்த வாசகத்தை இயற்றியவர், மருத்துவத் தகவலியல் துறைத் தலைவர் இளவழகன். அதைச் சட்டமிட்டு அங்கே மாட்டியதற்குக் காரணம், அந்த இடத்துச் சுவரில் ஓதம் ஏறிப் பூசணம் பூத்திருந்ததுதான்.

அன்று மாலை ஊழியர்கள் தொழில்நெறி உறுதிமொழி எடுக்கும் விழா. பட்டுச் சட்டையோடு தரைத்தள அறையில் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இளவழகனுக்கு அந்த வாடை தட்டியது. பின்பக்க வயலில் ஐப்பசி மழைக்கு முழுகிய நாற்று அழுகுகிறது என்று ஜன்னலைச் சாத்தினார். வாடை உள்ளேதான் இருந்தது. கொஞ்சம் தித்திப்பாக, ஈரமாக, ஏ.சி.யின் வாயிலிருந்து மெல்ல இறங்கி, அவர் பூசியிருந்த சென்ட்டை விலக்கிக்கொண்டு, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, எச்சிலை விழுங்கினால் அதனோடு தானும் தொண்டைக்குள் வழுக்கி இறங்கியது.

கூரைக்குள் எலி செத்திருக்கும்.

கைபேசி அடித்தது. நன்னிலத்திலிருந்து தங்கை ஜெயா.

“அண்ணே, அப்பா போன எடுக்கவே மாட்டேங்குறாங்க. கடைசியா பேசுறப்ப கால்ல என்னமோ ஊருதுன்னாங்க. போய்ப் பாத்தியா?”

அப்பா அய்யாவு மூன்றாவது மாடியில் இருந்தார். சர்க்கரை உடம்பு, வயலில் நத்தை ஓடு பாதத்தைக் கிழித்த புண். நோயாளிக்குத் துணையாள் கூடாது என்ற விதியை எழுதியவர் மகன் இளவழகனே என்பதால், ஊருக்கு முன்மாதிரியாக ஜெயாவையே முதலில் வெளியேற்றியிருந்தார்.

“பாத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்.” கைபேசியில் மருத்துவமனைச் செயலியைத் திறந்து, மேடைக் குரலிலேயே வாசித்தார். “கட்டு மாற்றப்பட்டது. புண் உலர்ந்துள்ளது. நாற்றமில்லை. இட்லி சாப்பிட்டார்.”

“நேத்தும் இதத்தானே வாசிச்ச? உன் போனுக்கு மூக்கு இருக்காண்ணே?”

இணைப்பைத் துண்டித்தார். திரையைத் தள்ளினார். நேற்று: நாற்றமில்லை, இட்லி. அதற்கு முந்தைய நாள்: நாற்றமில்லை, இட்லி. எந்த நாளைத் தொட்டாலும் அதே இட்லி.

‘நேற்றுப்போலவே’ என்ற பொத்தான் அவருடைய கண்டுபிடிப்பு. ஒரு தொடுகையில் நேற்றைய குறிப்பு இன்றைக்கு நிரம்பிவிடும். பதிவில் காலியிடமே இல்லாத மருத்துவமனை என்று விருது வந்தது அதனால்தான்.

அப்பாவைச் சேர்த்த பிறகு அன்றுதான் முதல்முறையாக மேலே போக லிஃப்ட்டில் ஏறினார். மேலே போகப் போக வாடை கெட்டிப்பட்டது. மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் முகத்தில் ஈரத்துணியாக அறைந்தது. செவிலி குந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டிருந்தாள்.

“என்னம்மா இது? யாரும் கட்டப் பிரிச்சுப் பாக்கலயா?”

“பிரிச்சுப் பாத்து, சீழுன்னு குறிப்ப மாத்திப் போட்டேன் சார். நேத்துக்கும் இன்னிக்கும் ஏன் வித்தியாசம்னு உங்க ஆபீஸ்லேருந்து விளக்கம் கேட்டாங்க. மறுபடி போட்டேன், மறுபடி கேட்டாங்க. அப்புறம் எல்லாரும் பட்டனையே அமுக்கிடுறோம்.”

“டாக்டர்?”

“அவரும் கீழ உக்காந்து உங்க ஸ்கிரீனத்தான் சார் பாக்குறாரு.”

நடைவழி நீண்டு கிடந்தது. கடைசி அறை. கதவுக்குப் பின்னால் ஓர் இரைச்சல், தூரத்தில் டிராக்டர் உழுவதுபோல. திறந்தார்.

ஈக்கள்.

தட்டில் இட்லி. அதன்மேல் கருநீல ரோமம்.

“அப்பா.”

கால்பக்கம் போர்வை அசைந்தது. நல்லவேளை, காலை அசைக்கிறார். இளவழகன் போர்வையை விலக்கினார்.

கால் அசையவில்லை.

கட்டு நெகிழ்ந்து கிடந்தது. உள்ளே, உலையில் கொதிக்கும் அரிசி. வெள்ளையாக. பொங்கிப் பொங்கி. பாதத்தில். கணுக்காலில். முழங்காலுக்கு மேலேயும்.

அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. ஒரு கண்மேல் ஈ நடந்தது. இமைக்கவில்லை. பாதி திறந்த வாய்க்குள் மட்டும் ஏதோ நெளிந்தது.

கீழே ஒலிபெருக்கியில் எல்லோரும் சேர்ந்து சொல்லத் தொடங்கினார்கள்: “நோயாளியின் தரவே நோயாளியின் உடல்...”

கையில் போன் அதிர்ந்தது. மாலைக் குறிப்பு. புண் உலர்ந்துள்ளது. நாற்றமில்லை. இட்லி சாப்பிட்டார்.

இத்தனை நாளும் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.