பச்சை அழுத்திய பிணம்!

"பச்சையை அழுத்துடா! ஒரு ஓட்டு குறையுது!"

"சிவப்புதான். ஆலைக் கழிவை ஆத்துல விடற மசோதாவுக்கு..."

"கட்சி முடிவுடா!"

"...அந்தத் தண்ணியக் குடிக்கறது என் ஊரு, அண்ணே!"

கட்சி அறையில் கொறடாவும் டிரைவரும் ஒருவர் பேச்சை ஒருவர் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டி எம்.எல்.ஏ. ஆனவன். 'டிரைவர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

மூலையில் டீச்சர். மூன்று முறை எம்.எல்.ஏ.! மூன்று முறையும் கட்சி சொன்ன பட்டன்.

"நீயாச்சும் சொல்லுக்கா..." டிரைவர் அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கெதுக்குப்பா வம்பு?"

கொறடா சட்டென்று சிரித்தார். தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"குடி. சூடு தணியட்டும்."

குடித்தான்.

சபையில் அமைச்சர் ஒரு மணி நேரம் பேசினார். பின்வரிசை முழுக்கத் தூங்கியது.

வாக்கெடுப்பு மணி!

கொறடா வழக்கம்போல் பேனாவோடு வந்தார். தூங்கும் ஒவ்வொரு விலாவிலும் ஒரு குத்து.

"எந்திரிய்யா... பச்சை!"

டீச்சருக்கும் விழுந்தது. வலிக்கவில்லை. என்றைக்குமே வலித்ததில்லை. எழுந்தாள். பச்சை.

பக்கத்து இருக்கையில் டிரைவர், தலை தொங்க.

டீச்சரைத் தவிர எல்லோர் கண்ணும் எதிரே எண் பலகையில். கொறடா டிரைவரின் தோளில் கையை ஊன்றி எட்டி, அவன் பட்டனை அழுத்தினார்.

பச்சை!

ஒரே ஓட்டில் மசோதா நிறைவேறியது. சபை எழுந்தது.

டிரைவர் எழவில்லை.

டீச்சர் அவன் விரலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது... அழுகை வரவில்லை.

"செத்து அரை மணி நேரமாவது இருக்கும். விஷம்" என்றார் டாக்டர்.

"செத்தவர் எப்படி சார் ஓட்டுப் போட்டார்?" இன்ஸ்பெக்டரம்மா கேட்டாள்.

கொறடா அசரவில்லை.

"தூங்கறான்னு நெனச்சு நானே அழுத்திட்டேம்மா. சபையில கள்ள ஓட்டு... தப்புதான். அதுக்காகக் கொலைகாரனா?"

டீச்சர் காதருகே குனிந்தார்.

"நீங்க எதையும் பாக்கல. கட்சி முடிவு. அடுத்த தேர்தல்ல சீட்டு வேணும்ல?"

"பக்கத்துல இருந்தது நீங்கதானே மேடம்?" இன்ஸ்பெக்டரம்மா திரும்பினாள். "என்ன பாத்தீங்க?"

டீச்சர் விலாவைத் தடவினாள். இப்போதுதான் வலித்தது!

கொறடாவையே பார்த்தாள்.

"ஒரு பேனாக் குத்துல நாங்கல்லாம் முழிச்சோம். சிவப்பு அழுத்தப்போறவன் தோள்மேலயே கையை ஊனிப் பச்சைய அழுத்தினீங்களே... முழிச்சுக்குவான்னு துளிகூட பயம் வரலியா, அண்ணே?"