சூடாகும் சீட்

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ராக்னா படகுத்துறைச் சரிவின் அடியில் வேனை நிறுத்தி, தன் கடைக்கு வந்திறங்கிய ரொட்டிப் பெட்டிகளை ஏற்றினாள். வடநார்வே டிசம்பர் ஆயிற்றே, சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விளக்குக் கம்பத்துக்கு அப்பால் ஒரே இருட்டு. படகு போய்விட்டது. வேனுக்குப் பின்னால் பத்தடியில் கடல் கல்லில் மோதிக்கொண்டிருந்தது.

வேனுக்கு வயது இருபத்தாறு. கிழிந்துபோன டிரைவர் சீட்டைப் போன வாரம்தான் அவள் கணவன் எய்விந்த், மேட்டிலிருக்கும் தன் பட்டறையில் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினான். சூடாகும் சீட். "உனக்கு முதுகு வலிக்குதேன்னு தேடிப் பிடிச்சேன்" என்றான். இவனுக்கு இவ்வளவு கரிசனமா என்று அவள் உருகித்தான் போனாள்.

ஏறி உட்கார்ந்தாள். சூடு இல்லை. முதுகு சில்லிட்டது. பாசி நாற்றம் குப்பென்று வந்தது.

வண்டி மேட்டில் ஏறியது. பாதி வழியில் கியர் மாற்றினாள். சீட்டுக்கு அடியில் ஏதோ விட்டுப்போன சத்தம்.

சீட் பின்னால் ஓடியது.

கால் எட்டவில்லை. வேன் பின்பக்கமாக உருண்டது. பிரேக்குக்குக் காலை நீட்டி நீட்டிப் பார்த்தாள், நுனிவிரல்கூடப் படவில்லை.

அவள் இடுப்போரமாக ஒரு கை நீண்டது.

ஊறி வெளுத்த சின்னக் கை. கட்டைவிரலில் நகம் இல்லை.

அது கைப்பிரேக்கை இழுத்தது. வேன் நின்றது.

அந்தக் கட்டைவிரலை அவளுக்குத் தெரியும். தபால்காரி சூல்வெய்க், அவளுடைய உயிர்த்தோழி. போன குளிர்காலத்தில் இதே சரிவில் வண்டியோடு கடலுக்குள் போய்ச் செத்தவள். அந்த வண்டியை எய்விந்த்தான் வெளியே இழுத்துத் தன் பட்டறைக்குக் கொண்டுபோனான். "தூங்கிட்டா போல" என்று எய்விந்த் ஊரெல்லாம் சொன்னான். ராக்னாவும் நம்பி, சூல்வெய்க்கின் அம்மாவிடமே அதைச் சொன்னாள், பாவி.

எய்விந்துக்குப் போன் போட்டாள்.

"இந்த சீட்டை எங்கேருந்து எடுத்தே?"

எய்விந்த் கிசுகிசுத்தான்.

"ஈரமா இருக்கா?"

"சூல்வெய்க் வண்டியிலேருந்தா?"

"காயவெச்சு எண்ணெய் போட்டேன் ராக்னா. நல்ல சீட், தூக்கிப் போட மனசு வரல."

"சீட் லாக் நிக்கலை, பின்னால ஓடுதுன்னு அவ உங்கிட்ட வந்தாளா?"

"ரெண்டு தடவ வந்தா. ஒண்ணும் ஆகாது, ஓட்டுன்னு அனுப்பிட்டேன்."

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டானே! செத்தவளுக்கும் ஒரு பொய், தனக்கும் ஒரு பொய்.

கதவைத் திறந்து இறங்கினாள். அதற்குள் எய்விந்த் மூச்சிரைக்க மேட்டிலிருந்து ஓடி வந்தான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நல்ல சீட்டுதானே? ஏறு. நீயே ஓட்டிட்டுப் போ."

எய்விந்த் உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டடி பின்வாங்கினான். "நான் மாட்டேன்."

"என்னை மட்டும் உட்கார வெச்சே, இல்ல?"

பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தில் காறித் துப்பலாம் போல் அவளுக்கு இருந்தது.

வேனுக்குள் ஏதோ அசைந்தது.

காலி சீட்டின் குறுக்கே பெல்ட் மெல்ல நீண்டு வந்து பூட்டிக்கொண்டது.

பிறகு, பக்கத்து சீட்டின் கதவு எய்விந்துக்காகத் திறந்தது.