கழுவாத மனம்

காலை ஏழு மணிக்கே நீக்ககத்தின் முன் வரிசை நின்றது. ‘உறுத்தல் நீக்கம்’ என்பது அரசு வைத்த பெயர். ஊரில் எல்லாருக்கும் அது ‘வாஷ்’. முடிவெட்டிக்கொள்வதுபோல மாதம் ஒருமுறை வந்து, தலைக்கவசம் மாட்டிக் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். செய்தது நினைவில் இருக்கும்; அதற்காக மனம் குத்துவது மட்டும் நின்றுவிடும்.

சந்தனமாரி பதினோரு ஆண்டுகளாக அங்கே கருவியாளர். கருவியாளர்களுக்கு வாஷ் கிடையாது. வந்தவரின் உறுத்தல் முதலில் அவர்களுடைய நெஞ்சில் ஒரு நிமிடம் ஓடும். அதை இனம் கண்டு கருவிக்குக் காட்ட, கழுவாத மனம் வேண்டும். பல நாட்களில், வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று முதலில் வந்தவர் ஜெபமணி, குடிநீர் ஆலையின் பரிசோதகர். ஆலையின் மேலாளர் கௌதமன்தான் அவரைக் கூட்டிவந்திருந்தான்.

“சீக்கிரம் முடிங்க மேடம். பத்து மணிக்கு இவருக்கு விசாரணை.”

“என்ன விசாரணை?”

“தண்ணி குடிச்சு நாலு பிள்ளைங்க போயிருச்சு.” கொட்டாவி விட்டான். “நான் நேத்தே வாஷ் பண்ணிட்டேன். சார்தான் இன்னும் அழுதுட்டு இருக்காரு.”

சந்தனமாரி அவனை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கருவி ஓடத் தொடங்கியதும் ஜெபமணியின் உறுத்தல் அவளுக்குள் இறங்கியது. கலங்கிய நீர்க்குப்பி, ‘குடிக்கத் தகுந்தது’ என்ற தாளில் அவர் கையெழுத்து, ஆலைக்கு எதிர்த்தெருவில் குழாயடியில் வாய் வைத்துக் குடிக்கும் சிறுமி. சட்டென்று கருவியை நிறுத்தினாள்.

“ஏம்மா நிறுத்திட்டீங்க? எடுத்துருங்க. எட்டு நாளா கண்ணை மூட முடியல.”

“தெரியுது சார். எனக்கும் இப்ப நெஞ்சு வலிக்குது. ஆனா இதை எடுத்துட்டா, விசாரணையில பொய் சொல்ல உங்க நாக்கு கூசாது. அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“உண்மையைச் சொன்னா நானும் உள்ள போவேனே?”

“ஆமா சார்.”

எத்தனை பேரை இப்படி வெள்ளையாகத் துடைத்து அனுப்பியிருக்கிறோம் என்ற எண்ணத்தில் தன் கைகளே அவளுக்கு அருவருப்பாக இருந்தன. “நீங்க கேட்டா எடுத்துத்தான் ஆகணும், சட்டம் அது. ஆனா கேக்காதீங்க சார்,” என்றாள்.

ஜெபமணி தாமே கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

விசாரணையில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். யார் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் சொன்னார். மாலைக்குள் ஆலைக்குப் பூட்டு விழுந்தது. வேலையைத் தடுத்தாள் என்ற புகாரில் சந்தனமாரியின் உரிமம் போனது.

காவலர்கள் ஜெபமணியையும் கௌதமனையும் வெளியே கொண்டுவந்தபோது அவள் கூட்டத்தில் நின்றாள். இறந்துபோன அந்தக் குழாயடிச் சிறுமியின் தாய் முன்னால் வந்து இருவர் காலடியிலும் காறித் துப்பினாள். கௌதமன் தன் காலைப் பார்த்து ஒதுங்கி வண்டியில் ஏறினான். ஜெபமணி ஏறவில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் மண்டியிட்டு வாய்விட்டு அழுதார்.

அந்தத் தாய் இன்னொருமுறை துப்பவில்லை. “இப்பவாவது வாய் திறந்தியே,” என்று சொல்லிவிட்டு, அவளும் அழுதாள்.