பன்னிரண்டாம் ஆணி

செண்பகவல்லி திருநெல்வேலியிலிருந்து வந்து, இந்தப் பள்ளியில் சேர்ந்து பத்தொன்பது நாள் ஆகிறது. அந்தப் பத்தொன்பது நாளில் வகுப்பில் மற்றவர்கள் அவளிடம் பேசிய வார்த்தைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதில் 'தள்ளு' என்பது மூன்று முறை.

குடைதான் அவளை அதிகம் வருத்தியது. வகுப்பு வராந்தாவில் குடை மாட்ட வரிசையாக ஆணிகள் உண்டு. ஆளுக்கு ஓர் எண், அவளுக்குப் பன்னிரண்டு. கிழக்கேகோட்டை நிறுத்தத்தில் பஸ் இறங்கி, முதல் ஆளாக வந்து குடையை மாட்டுவாள். மாலையில் அது தரையில் கிடக்கும்; ஆணி காலியாக இருக்கும். ஒரு வாரமாகத் தினமும் இப்படித்தான்.

யாருக்கோ தன்னைப் பிடிக்கவில்லை. யார் என்று தெரிந்தால் போதும். வீட்டில் அவள் சொல்லவில்லை. பழவங்காடி ஹோட்டலில் வேலை முடிந்து வரும்போதே அப்பா களைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை கணக்கு நேரத்தில், வகுப்பாசிரியை பிரேமா டீச்சர் கட்டத்தாளில் புள்ளிகள் வைத்தார். கீழ்க்கோட்டில் மாணவர்களின் வரிசை எண். பக்கக்கோட்டில் அவர்களின் உயரம்.

"ஸ்கேலைப் படுக்கையா வெச்சு மெல்ல மேலே நகர்த்துங்க. ஒரே சமயத்தில ரெண்டு புள்ளியைத் தொட்டா, ரெண்டு பேருக்கு ஒரே உயரம். எங்கேயும் ரெண்டைத் தொடலைன்னா, அது ஒன்றுக்கொன்றான சார்பு."

இடைவேளையில் செண்பகவல்லி ஒரு கட்டத்தாளை எடுத்தாள். உயரத்துக்குப் பதில் ஆணி எண் எழுதி, தன் புள்ளியை வைத்தாள். முன் பெஞ்ச் செல்வினிடம் அதை நீட்டினாள்.

"உன் வரிசை எண்ணுக்கு நேரே, உன் ஆணிக்கு ஒரு புள்ளி வையேன்."

"எந்தா, குடை திருடப் போறியா? என்னோடது கம்பி ஒடிஞ்சதாக்கும், கேட்டோ. எடுத்தா நீதான் ரிப்பேர் செய்யணும்," என்றான் அவன், மலையாளம் கலந்த தமிழில்.

ஆனாலும் வைத்தான். தாள் பெஞ்ச் பெஞ்சாகப் போய், புள்ளிகளோடு திரும்பி வந்தது.

அவள் ஸ்கேலை மேலே நகர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒற்றைப் புள்ளி. பன்னிரண்டில் இரண்டு. ஒன்று அவளுடையது. மற்றது இருபதாம் எண்: கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த மீனு.

"என் குடையக் கீழ போடுதது நீதானா?"

மீனு நிமிர்ந்தாள். "அது உன் குடையா? அந்த ஆணி என்னோடதாக்கும். காய்ச்சல்ல மூணு வாரம் கிடந்தேன், ஒருத்தரும் விசாரிக்கலை. திரும்பி வந்தா, தினமும் என் ஆணியில யாரோட குடையோ. எனக்கு இனி இங்கே இடம் இல்லேன்னு நெனச்சேன்."

செண்பகவல்லி மீனுவையும் அழைத்துக்கொண்டு போனாள். தாளை டீச்சரிடம் காட்டினாள்.

"மீனு வராதப்போ அந்த ஆணியை உனக்குக் கொடுத்தது நான்தான். மறந்தே போச்சு," என்றார் டீச்சர். "முப்பத்தஞ்சாம் ஆணி காலியா இருக்கு. யாராவது ஒருத்தர் மாறிக்கோங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ எங்கே பஸ் இறங்கறே?" என்று மீனு கேட்டாள்.

"கிழக்கேகோட்டை."

"நானும் அங்கேதான். உனக்குப் பத்து நிமிஷம் கழிச்சுதான் வருவேன்."

"நான் நிக்கேன்."

திங்கட்கிழமை நல்ல மழை. முப்பத்தைந்தாம் ஆணி காலியாகவே இருந்தது. பன்னிரண்டில் ஒரே ஒரு குடை சொட்டிக்கொண்டிருந்தது. செண்பகவல்லிக்கு இடது தோளும், மீனுவுக்கு வலது தோளும் நனைந்திருந்தன.