ஏழாம் எண் கேமரா

ஏழாம் எண் கேமரா அங்கே இருக்கக் கூடாது.

இந்த வருஷம் மதிவதனி ஆற்றோரம் பத்துக் கேமரா கட்டியிருந்தாள். ஆறாவதற்கு அடுத்தது நேராக எட்டு. நடுவில் இருந்த எண்ணை அவளேதான் வேண்டாமென்று விட்டிருந்தாள். ஆனால் தை மாதத்துச் சாயங்கால வெளிச்சம் வடிகிற நேரத்தில், நீர்நாய் எச்சம் தேடி நட்டாற்றுத் திட்டில் ஏறியபோது, அங்கே நின்ற ஒற்றைப் புங்கமரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கேமரா கட்டியிருந்தது. அதன் முதுகில் வெள்ளைப் பெயின்டில் 7. வாரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்து பத்து நாளாகிறது.

நன்னிலம் பக்கத்து ஆறுகளில் நீர்நாய்கள் எத்தனை மிச்சம் என்று சம்பா அறுவடைக் காலத்தில் கணக்கெடுப்பது அவள் வேலை. கேமரா கட்டியதும் இரண்டு காரியம் தவறாமல் செய்ய வேண்டும். சிலேட்டில் எண், தேதி, கட்டியவர், உடனிருந்தவர் என்று நாலு வரி எழுதி அதன் முன்னால் காட்ட வேண்டும். அப்புறம் நீர்நாயின் உயரத்துக்குக் குனிந்து, கையும் காலும் ஊன்றி எதிரே தவழ வேண்டும். கேமரா கண்டுகொண்டால் சிவப்பு விளக்கு மினுக்கும். கதிர் அறுக்கிற பெண்களுக்கு இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்து மாளாது. அவளோடு வேலை பார்த்த ஆல்பினுக்கோ அந்தச் சிரிப்பே போதும், சிலேட்டை வாயில் கவ்விக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி இன்னும் நாலு சுற்றுத் தவழ்ந்து காட்டுவான்.

போன வருஷம் இதே தையில், இதே திட்டில்தான் ஏழாவது கேமராவைக் கட்டினார்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் முருகையன் அவள் ஃபோனுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். அவள் படித்தாள். வந்து சேர அரை மணியாவது ஆகும், அதற்குள் வேலை முடிந்துவிடும் என்று நினைத்து, ஆல்பினிடம் சொல்லாமலே கரையேறி, எட்டாவதற்கு மரம் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது திட்டு தண்ணீருக்குள் இருந்தது. மூன்றாம் நாள் கீழ் மதகில் ஆல்பின் கிடைத்தான். கேமராவும் சிலேட்டும் கிடைக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன், செய்தியைக் காலையில்தான் பார்த்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். பயத்தில் சொன்னது. சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது.

மதிவதனி மண்டியிட்டுக் கேமராவின் மூடியைத் திறந்தாள். ஒரு வருஷம் தண்ணீரில் கிடந்தது எப்படி வேலை செய்யும்? செய்தது. சின்னத் திரையில் ஒரே ஒரு படம். போன வருஷத் தேதி. ஆல்பின் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சிலேட்டைப் பிடித்திருந்தான். கட்டியவர்: ஆல்பின். உடன்: மதிவதனி.

அவள் அழவில்லை. இதை வேறு யாரும் பார்ப்பதற்குள் தன் கையில் கிடைத்ததே என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கட்டை விரல் பொத்தானை அழுத்தியது. படம் அழிந்தது. அவள் மூடியை அழுத்திச் சாத்திவிட்டு மரத்துக்குப் பின்னால் எழுந்து நின்றாள்.

ஃபோன் அடித்தது. ஆல்பினின் அம்மா அமலோற்பவம்.

"மதி, நாளைக்கு நினைவுப் பூசை. வந்துரும்மா."

"வர்றேம்மா."

"ஒன்னு கேக்கட்டுமா? கோச்சுக்காத. அவன் தனியாத்தான் போனானா? யாராச்சும் கூட இருந்திருந்தாங்கன்னா எனக்கு அது போதும். கடைசியா ஒரு தெரிஞ்ச மூஞ்சியப் பாத்திருப்பானேன்னு இருக்கு."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"தனியாத்தாம்மா போனான். நான்தான் அன்னைக்கு வீட்ல கெடந்தேனே."

எதிரே நாணலில் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழுந்து மறைந்தது.

அவள் கேமராவின் பின்னால் நிற்கிறாள். அதன் முன்னால் யாரும் இல்லை. காற்றுகூட இல்லை.

மறுபடி மினுக்கியது.

ஈர ரோமமும் மீனும் சேற்றோடு சேர்ந்து ஊறிய வாடை, முதலில் நீர்நாய்தான் என்று நெஞ்சைத் தேற்றிய வாடை, மெல்ல நெருங்கி வரவர அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. கீழ் மதகில் மூன்றாம் நாள் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாளே, அந்த வாடை.

காதில் ஃபோன் டொக்கென்றது. முருகையனின் செய்தி. "தண்ணி தெறந்தாச்சு. ஏறிடுங்கம்மா." அரை மணிக்கு முன்பு அனுப்பியது.

கீழே பார்த்தாள். செருப்பைச் சுற்றித் தண்ணீர் ஊறியிருந்தது. கரை இருந்த இடத்தில் பனிமூட்டம். ஓட வேண்டும். எந்தப் பக்கம்?

மினுக்கியது. மினுக்கியது.

சொத். முழங்கால் சேற்றில் பதிகிற சத்தம். அப்புறம் ஒரு கை. சொத்.

"பக்கத்துல யாரும்மா?" அமலோற்பவத்தின் குரல் தணிந்திருந்தது. "மூக்க உறிஞ்சுற மாதிரி கேக்குது. அவன் அப்பிடித்தான் பண்ணுவான். மதி? அவன் அங்கயா இருக்கான்?"

நாணல் விலகியது. நீர்நாயின் உயரத்தில்.

மெல்ல. கையும் காலும் ஊன்றி. வாயில் சிலேட்டு.

எழுத்து இன்னும் ஈரமாக இருந்தது. எண் 7. இன்றைய தேதி. கட்டியவர்: மதிவதனி.

உடன்: ஆல்பின்.