ஏழு நொடிக்கு ஒரு முறை

காது மெஷினைக் கழற்றி வைத்த பிறகுதான் குட்டி கையைத் தூக்கினாள்.

வாளியில் வெந்நீர் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்து, சோப்பின் வாசனை அந்தச் சின்னக் குளியலறையில் நிறைந்திருந்தது. மகளின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த அவள் முதலில் அதைக் கவனிக்கவில்லை. முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஐந்து வயதுக் குட்டியின் வலது கை மெல்ல எழுந்து, காது உயரத்தில் ஒரு கணம் நின்று, மடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்தது.

அந்தக் கையசைவு அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு வேலையே ஆஸ்பத்திரியில், காது சோதிக்கும் அறையில். கனத்த கதவும் பஞ்சுச் சுவரும் கொண்ட கூண்டுக்குள் குழந்தையை உட்கார வைத்து, வெளியே இருந்து பொத்தானை அழுத்தி மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். சத்தம் கேட்டால் குழந்தை கையைத் தூக்க வேண்டும். எத்தனையோ குழந்தைகளுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவள், கடைசியில் தன் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. எவ்வளவு கேட்கிறது என்று குறிக்கும் குட்டியின் தாளில் அவள் போட்ட புள்ளிகள் எல்லாம், கிணற்றில் போட்ட கற்கள் மாதிரி, அடியில் கிடந்தன. மெஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் எவர்சில்வர் தட்டு விழுந்தாலும் குட்டி திரும்ப மாட்டாள்.

இப்போது மெஷின் இல்லை. கை எழுந்தது.

எண்ணிப் பார்த்தாள். ஏழு நொடி. மறுபடி ஏழு.

குட்டிக்குக் கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார். பள்ளி திறப்பதற்குள் குட்டி பத்துச் சத்தங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தெருக்கோடிப் பள்ளி கிடையாது, தூரத்தில் இருக்கும் காது கேளாதோர் பள்ளிதான். விடுதியில் விட வேண்டியிருக்கும். பயிற்சிக்காகக் கடையில் வாங்கிய பொம்மைகள் எல்லாம் ஒரே கீச்சுக் குரலில் கத்தின. மகளுக்கு மிச்சமிருக்கும் கொஞ்சக் கேட்கும் திறனுக்குள் அடங்குகிற மாதிரி மணியையும் மத்தளத்தையும் நீர்த்துளியையும் தானே செய்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. இணையத்தில் தேடினாள். ஃப்ரீக்வென்சி மாடுலேஷன் என்ற முறையில் இரண்டே இரண்டு சுத்த ஒலிகளை வைத்து எதையும் செய்யலாம் என்றார் ஒரு வாத்தியார். சுத்த ஒலிகள் அவள் தினமும் புழங்குபவைதானே.

மொத்தம் பன்னிரண்டு வீடியோப் பாடங்கள். வாத்தியாரின் முகம் எதிலும் தெரியாது. இரண்டு கைகள், ஒரு கீபோர்டு, கரகரத்த குரல்.

"நமக்குக் கேக்கற அலை ஒண்ணு, அதை ஆட்டற அலை ஒண்ணு. முன்னது கேரியர், பின்னது மாடுலேட்டர். ஆட்டறவன் சத்தம் உங்களுக்கு எப்பவும் கேக்காது. அவன் யாரை ஆட்டறானோ அவங்க சத்தம்தான் கேக்கும்."

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஒரு மணி அடிக்க ஒரு மாசப் படிப்பா, கடையில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் கட்டிக்கொடுப்பானே என்பான். அவளுக்குச் சத்தக்காரி என்று பெயரும் வைத்திருந்தான்.

அன்று மதியம், குளியலுக்கு முன்னால், ஐந்தாம் பாடம், மணி ஓசை. குட்டி மடியில் உட்கார்ந்து, அதிர்வைத் தொட்டுப் பார்க்க வழக்கம்போல் வலது உள்ளங்கையை ஸ்பீக்கரில் பதித்திருந்தாள். சமையல் பாதியில் கிடந்ததால் அவள் பாடத்தை வேகமாக ஓடவிட்டு, நடுவே சில இடங்களைத் தாண்டினாள். மடிக்கணினியில் ஆட்டுகிற அலையின் வேகத்தை எழுதும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். ஆட்டுகிற அலை மிக மெதுவாக, முடிவே இல்லாமல் ஓடத் தொடங்கியது. அதை அழிக்கப் போனவள், அவசரத்தில் கேரியரை அழித்துவிட்டாள். சத்தம் நின்றது. குட்டியின் உள்ளங்கை அப்போதும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. திரையில் ஆட்டுகிற அலைக்கான இரண்டாம் எண் கட்டத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. சத்தம்தான் நின்றுவிட்டதே என்று மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போனாள்.

கணவன் வந்ததும் குளியலறையில் கண்டதைச் சொன்னாள். அவன் குட்டிக்குப் பின்னால் போய்ப் படாரென்று கை தட்டினான். குட்டி திரும்பவில்லை. கை மட்டும் தன் நேரத்துக்கு எழுந்தது.

"கை உளைச்சலா இருக்கும்டி" என்றான். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு பேருமே ஆசையை வெளியே சொல்லப் பயந்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் குட்டியை மெஷின் இல்லாமல் கூண்டுக்குள் உட்கார வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குட்டியின் கை எழுந்தது. இன்று தலைக்கு மேலே போயிற்று. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கை எழுந்தது. கருவியை அணைத்தாள். எழுந்தது. சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டு, அந்த வயரைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஏழு நொடி. எழுந்தது.

தொழில் தெரிந்தவள் அங்கேயே பயந்திருக்க வேண்டும். தாய் பயப்படவில்லை. நமக்குக் கேட்காத எதையோ என் பெண் கேட்கிறாள் என்று கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள்.

சாயங்காலம் சமையலறையில் ஃப்ரிட்ஜின் இரைச்சல் மாறிற்று.

பழகிய இரைச்சல்தான்; ஆனால் நடுவில் மயிரிழை அளவு மேலே ஏறி, கீழே இறங்கி, பழைய இடத்துக்கு வந்தது. சத்தத்தோடே காலம் கழிப்பவள் என்பதால் அவள் காதுக்கு அது தப்பவில்லை. குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழும் ஓசையும் ஏறி இறங்கியது. தலைக்கு மேல் மின்விசிறியும். மூன்றும் ஒரே நொடியில்.

ஐந்தாம் பாடத்தை மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை எதையும் தாண்டவில்லை. வாத்தியாரின் கரகரத்த குரலும் ஒரு வார்த்தையின் நடுவில் மெலிந்து, தடித்து, திரும்பியது.

"நிறுத்தும்போது முதல்ல ஆட்டறவனை நிறுத்துங்க. கேரியரை மட்டும் எடுத்தீங்கன்னா சத்தம் போயிடும், ஆட்டம் போகாது. அவனுக்கு எதையாவது ஆட்டிட்டே இருக்கணும்."

நேற்று அவள் தாண்டிய இடம் அது.

இரண்டாம் எண் கட்டத்தில் பச்சைக் கோடு இன்னும் ஏழு நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழித்தாள். கோடு மறைந்தது. ஃப்ரிட்ஜ் ஏறி இறங்கியது. மடிக்கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஃப்ரிட்ஜ் ஏறி இறங்கியது. முன்னைவிட அதிகமாக.

வாசலில் சாவி திரும்பியது. இன்றைக்கு ஒரு ஆள் லிஃப்டில் மாட்டிக்கொண்டு சாமி பெயரெல்லாம் சொல்லிக் கத்தினார் என்று சிரித்துக்கொண்டே கணவன் உள்ளே வந்தான். சிரிப்பின் நடுவில் அவன் குரல் சின்னப் பெண்ணின் குரலாக மேலே போய், கிழட்டு முனகலாகக் கீழே வந்து, திரும்பவும் அவன் குரலாயிற்று. அவனுக்கு அது தெரியவில்லை.

"உங்க குரல்..." என்று தொடங்கினாள்.

அவன் முகத்தில் சிரிப்பு செத்தது. ஓரடி பின்னால் போனான். தன் குரல் அவனுக்கு எப்படிக் கேட்டது என்று அவள் கேட்கவில்லை.

குட்டி கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். மெஷினைத் தானே கழற்றியிருந்தாள். அவள் மகளின் எதிரே மண்டியிட்டு, உதடு தெரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"என்ன கேக்குது உனக்கு?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் ஏன் கையைத் தூக்கற?"

"நான் தூக்கல. அதுவா போகுது." குட்டி இடது கையால் வலது கையைப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். "தோள் வலிக்குதும்மா."

ஒரு நாள் முழுக்க நெஞ்சில் வைத்திருந்த ஆசை அந்த இடத்திலேயே விழுந்து உடைந்தது.

சத்தம் இருந்தால்தானே ஆட்டும். எழுந்து ஓடினாள். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். குழாயை இறுக்கினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கடிகாரத்தின் பேட்டரியை எடுத்தாள். கடைசியில் மெயின் சுவிட்சை இறக்கினாள். விசிறி தள்ளாடி நின்றது. சாத்திய வீட்டில் மாலை வெளிச்சம் சாம்பல் நிறமாயிற்று. பேசாதே என்று கணவனுக்குச் சைகை காட்டினாள். அவன் டார்ச்சை எரியவிட்டு, சமையலறை வாசலில் அசையாமல் நின்றான். வட்டமான வெளிச்சம் தரையில் கிடந்தது.

வலது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சையும் பிடித்தாள்.

அமைதி. கூண்டுக்குள் இருப்பது போன்ற அமைதி. ஒரு சத்தம் இல்லை. ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் புரிந்தது.

மறுபடியும் கேரியரைத்தான் அழித்திருக்கிறாள். வீட்டில் இருந்த எல்லாவற்றையும். இனி ஆட்டுவதற்கு மிச்சம் அவர்கள் மூவர்தான்.

ஐந்து.

ஆறு.

டார்ச் வெளிச்சம் தரையைவிட்டு நகர்ந்தது. சுவரில் ஏறியது. விட்டத்துக்குப் போயிற்று. கணவனின் கை தலைக்கு மேல் நீண்டிருந்தது. அவன் கண்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

குட்டியின் இடது கைப் பிடி நழுவியது. வலது கை எழுந்தது. காதைத் தாண்டி. தலையைத் தாண்டி. குதிகால்கள் தரையைவிட்டு எழுந்தன. பிறகு கால்விரல் நுனிகளும். அம்மா என்று வாய் அசைந்தது.

அவள் வாயைப் பொத்தியிருந்த கை, அவளைக் கேட்காமல், விலகி மேலே போயிற்று.

மூன்று கைகளும் ஒன்றாக இறங்கின. குட்டியின் பாதங்கள் தரையைத் தொட்டன.

ஒன்று.

இரண்டு.