சுண்ணாம்புப் புள்ளிகள்

“இனங்காட்டி சொல்லிடுச்சு. சுண்ணாம்புக் கட்டிதான். கத்தி வேணாம், மாத்திரை போதும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க கோதண்டண்ணே,” என்றார் டாக்டர் நிலோஃபர்.

கோதண்டத்துக்குக் கும்பிடத்தான் தோன்றியது. தள்ளுவண்டியில் படுத்திருந்தவள் அவன் தங்கை அம்சவேணி. பதினெட்டு வருடமாக இதே ஆஸ்பத்திரியில் வண்டி தள்ளுகிறவனுக்கு இந்த விவகாரம் தெரியும். மூளையில் மெல்ல வளரும் கட்டிகளில் இரண்டு, எம்ஆர்ஐ படத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்று மருந்துக்கு மசியும். மற்றதை ஆறப்போட்டால் ஆளையே தின்றுவிடும். மசிகிற கட்டிக்குள் பெரும்பாலும் சுண்ணாம்பு இருக்கும். சிடி படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். படத்தைப் பார்த்து இது எந்தக் கட்டி என்று சொல்லும் கணினிக்குத்தான் இனங்காட்டி என்று பெயர்.

திரையில், தங்கையின் மண்டைக்குள் மூன்று வெள்ளைப் புள்ளிகள். கீழே ‘சிடி’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தான். வண்டியைத் திருப்பப் போனவன் நின்றான்.

“டாக்டரம்மா, இவள சிடி ரூமுக்கு யாரு கொண்டுபோனா?”

“ஏன்?”

“மத்தவங்கள வேற யாரோ அங்க தள்ளிட்டுப் போறாங்கன்னு இருந்தேன். இவள காலைலேருந்து நான்தான் தள்றேன். எம்ஆர்ஐ ரூமுக்கு மட்டும்தான் போனோம்.”

டாக்டர் சிரித்தார். “எந்தக் காலத்துல இருக்கீங்க? கதிர்வீச்சு எதுக்குன்னு மூணு வருஷமா கட்டிக்காரங்கள அங்க அனுப்புறதில்ல. எம்ஆர்ஐயப் பார்த்து இனங்காட்டியே சிடி படத்த வரைஞ்சுக்கும்.”

“எம்ஆர்ஐல சுண்ணாம்பு சரியாத் தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. தெரியாதத எப்படி வரையும்?”

“கட்டியோட ஜாடைய வச்சு, இது இன்ன கட்டின்னு ஊகிச்சு…” டாக்டர் பாதியில் நின்றார்.

“அப்போ, சுண்ணாம்புக் கட்டியா இருக்கும்னு நினைச்சு அதுவே புள்ளி வைக்குது. அப்புறம் புள்ளி இருக்குது, அதனால சுண்ணாம்புக் கட்டிங்குது. தானே ஜாதகம் எழுதித் தானே பொருத்தம் பார்த்த தரகன் கணக்கால்ல இருக்குது!”

நிலோஃபர் சிடி அறையைத் திறக்கச் சொல்லி ஆளனுப்பினார்.

அம்சவேணி கண் திறந்தாள். “அண்ணா, வீட்டுக்குப் போலாமா?”

“இன்னும் ஒரு ரூம் பாக்கி இருக்குது கண்ணு.”

தூசி தட்டி, கட்டிப் பிரிவின் பழைய சிடி எந்திரத்துக்கு உயிர்கொடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவன் வண்டிப்பிடியை விடவில்லை. கடைசியில் படம் வந்தது.

ஒரு புள்ளிகூட இல்லை.

நிலோஃபர் அறுவைக் கூடத்துக்குப் போன் போட்டார். பிறகு அந்தப் படத்தை இனங்காட்டிக்குச் செலுத்தினார். அது தயங்கவே இல்லை: ‘படம் பழுது. என் படத்தோடு பொருந்தவில்லை. நீக்கப்பட்டது.’

அவர் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். “அண்ணே… மாத்திரை போதும்னு நான் சொல்லி, மூணு வருஷத்துல எத்தனை பேர வாசல்ல கொண்டுபோய் விட்டிருப்பீங்க?”

கோதண்டம் தன் கையைப் பார்த்தான். வாசலில் இறங்கும்போது ஒவ்வொருவரும் அந்தக் கையைப் பிடித்து, “நல்லா இருப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.